டிரெய்லருக்கு ஒரு டெஸ்ட்: பிரிட்டனில் ஒரு பரீட்சை வந்து போன கதை

கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் கார் ஓட்டலாம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதே காரின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினால்? அதில் ஒரு படகோ, இரண்டு குதிரைகளோ, ஒரு குடும்பம் படுத்துத் தூங்கும் கேரவனோ இருந்தால்? அந்த லைசென்ஸே போதுமா, இன்னொரு டெஸ்ட் வேண்டுமா?

பிரிட்டனில் இந்தக் கேள்விக்குக் கால் நூற்றாண்டுக்குள் விடை இரண்டு முறை தலைகீழாக மாறியது. 1996 முடிய, போதும் என்றார்கள். 1997 ஜனவரி 1 முதல் போதாது என்றார்கள். 2021 டிசம்பர் 16 முதல் மறுபடியும் போதும் என்றார்கள். டிரெய்லர் இழுப்பது ஆபத்தா இல்லையா என்று உட்கார்ந்து யோசித்துத்தான் இப்படி மாற்றினார்கள் என்று நினைத்தால், அதுதான் இல்லை. அந்த டெஸ்ட் வந்ததற்கு ஒரு காரணம், போனதற்கு வேறொரு காரணம். இரண்டிலும் டிரெய்லர் ஓரமாகத்தான் நின்றது.

டெஸ்ட்டே இல்லாத காலம்

பிரிட்டனில் லைசென்ஸ் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டத்தோடு வந்தது. 1904 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். கட்டணம் 5 ஷில்லிங். 17 வயது ஆகியிருக்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. லைசென்ஸ் என்பது அன்றைக்கு ஆளை அடையாளம் காண்பதற்கான ஒரு சீட்டு.

முப்பது வருடம் இப்படியே ஓடியது. 1934இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அன்றைக்கு நாடு முழுவதும் இருந்த வண்டிகள் சுமார் 24 லட்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கொடுமை புரியும். அந்த வருடம் சட்டம் வந்தது. 1935 ஜூன் 1 முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. தெருவைக் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் 'பெலிஷா விளக்கு' இவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் அல்ல. 1934 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஓட்ட ஆரம்பித்தவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பே ஸ்டியரிங்கைப் பிடித்தவர் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் டெஸ்ட் கிடையாது. ஒரு தேதியைக் கோடாகப் போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் தேறிக் காட்ட வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவர் தப்பித்தார் என்கிற வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. பிற்பாடு டிரெய்லர் விஷயத்திலும் இதே கோடுதான் வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டன் ஓட்டுநர் தேர்வுகளையே சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. தேர்வாளர்களைப் பெட்ரோல் பங்கீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். கற்றுக்கொள்பவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமலே ஓட்டலாம் என்று விட்டுவிட்டார்கள்! 65 வருடம் கழித்து இதே போன்ற ஒரு காட்சி மறுபடி வந்தது.

பின்னால் ஒரு வீடு

கார் வருவதற்கு முன்பே கேரவன் வந்துவிட்டது. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் 'வாண்டரர்' என்ற பெயரில் ஒரு வண்டி வீட்டைக் கட்டச் செய்து, இரண்டு குதிரைகளைப் பூட்டிப் பிரிட்டனைச் சுற்றினார். பிழைப்புக்காக அல்ல, உல்லாசத்துக்காக! 1907இல் கேரவன் கிளப் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919 வாக்கில், பர்மிங்காமில் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது.

கோடை விடுமுறையில் கடற்கரைக்குக் கேரவன் இழுத்துப் போவது அந்த நாட்டின் வழக்கமாகவே ஆகிப்போனது. விவசாயி ஆடுமாடுகளை ஏற்றிச் சந்தைக்குப் போவதும், கொத்தனார் சிமெண்டுக் கலவை இயந்திரத்தை இழுத்துப் போவதும், குதிரை வளர்ப்பவர்கள் போட்டிக்குப் போவதும் இதே கார் டிரெய்லரில்தான். இவர்கள் யாருக்கும் தனி லைசென்ஸ் தேவைப்படவில்லை. சாதாரணக் காரில் டெஸ்ட் கொடுத்துத் தேறினால் டிரெய்லர் இழுக்கும் உரிமையும் சேர்ந்தே வந்தது. டிரெய்லர் மட்டுமா? 7.5 டன் வரையுள்ள சிறிய லாரியையும் ஓட்டலாம். ஒரு மாருதி அளவுள்ள காரில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு மறுநாள் 7.5 டன் லாரியில் ஏறலாம் என்பது இன்றைக்குப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் 1996 டிசம்பர் 31 வரை சட்டம் அப்படித்தான் இருந்தது.

இழுப்பதில் என்ன கஷ்டம்?

வரலாற்றுக்கு நடுவில் இதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டெஸ்ட் எதற்கு என்பதே புரியாது.

முதலாவது, ரிவர்ஸ். டிரெய்லரோடு பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். கொஞ்சம் தாமதித்தால் கத்திரிக்கோல் மடிவதைப் போல டிரெய்லர் மடிந்து காரின் மேலேயே இடிக்கும். நம் ஊரில் கரும்பு டிராக்டரை ஆலைக்குள் ரிவர்ஸ் எடுக்கும் டிரைவரைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும்.

இரண்டாவது, ஆட்டம். டிரெய்லரில் பாரத்தைப் பின்பக்கமாக ஏற்றிவிட்டால் முன்பக்கம் லேசாகிவிடும். வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு நெளிவதைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் பெருகினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பது இன்னும் மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். மனிதனுக்கு இயல்பாகத் தோன்றுவதற்கு நேர் எதிரான செயல் இது. யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

மூன்றாவது, கொக்கி. காரின் பின்னால் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புப் பந்து இருக்கும். டிரெய்லரின் வாய் அதைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு முழுதாக விழுந்ததா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பந்திலிருந்து டிரெய்லர் கழன்றால் அந்தப் பிரேக்கைச் சுண்டி இழுத்து நிறுத்துவதற்கு ஒரு கம்பியும் உண்டு. ஆனால் கிளம்பும் முன் அந்தக் கம்பியை மாட்டியிருக்க வேண்டும்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த கோடு

டெஸ்ட் வந்த கதைக்குத் திரும்புவோம். ஐரோப்பிய நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து வியாபாரம் செய்யத் தொடங்கிய பிறகு, ஒரு நாட்டு லைசென்ஸ் மறு நாட்டில் செல்ல வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதற்கு எல்லா நாட்டிலும் லைசென்ஸ் வகைகள் ஒன்றாக இருக்க வேண்டும். 1980இல் முதல் உத்தரவு, 1991இல் இரண்டாவது. இந்த இரண்டாவது உத்தரவுதான் பிரிட்டனில் 1997 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

கார் லைசென்ஸுக்கு 'பி' என்று பெயர். பி வைத்திருப்பவர் 3,500 கிலோ வரையுள்ள வண்டியும், அதோடு 750 கிலோ வரையுள்ள டிரெய்லரும் ஓட்டலாம். டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் இரண்டு நிபந்தனை. காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. டிரெய்லரின் எடை காரின் வெற்று எடையைத் தாண்டக் கூடாது. இதற்கு மேல் வேண்டுமென்றால் 'பி பிளஸ் இ' என்ற தனி டெஸ்ட்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். உச்ச எடை 1,900 கிலோ, வெற்று எடை 1,400 கிலோ உள்ள ஒரு நடுத்தரக் கார். அதன் பின்னால் 1,300 கிலோ கேரவன். மொத்தம் 3,200. அனுமதி உண்டு. இப்போது அதே கேரவனை 2,900 கிலோ உச்ச எடையுள்ள பெரிய ஜீப்பில் மாட்டுங்கள். மொத்தம் 4,200. அனுமதி இல்லை! கேரவன் ஆடினால் அதை அடக்கிப் பிடிக்கக் கூடியது கனமான ஜீப்தான். சட்டமோ லேசான காரில் மாட்டச் சொன்னது. போதாக்குறைக்குப் பார்ப்பது தகட்டில் எழுதியிருக்கும் உச்ச எடையைத்தான். டிரெய்லர் காலியாகப் போனாலும் நிரம்பிப் போனாலும் கணக்கு ஒன்றே.

இந்தச் சட்டமும் 1934இன் வழக்கத்தையே பின்பற்றியது. 1996 டிசம்பர் 31 அன்று தேறியவருக்கு ஆயுள் முழுக்க டிரெய்லர் உரிமை. மறுநாளுக்குப் பிறகு தேறியவருக்கு இல்லை. அப்பா வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கொக்கி மாட்டியிருக்க மாட்டார், அவருக்கு உரிமை உண்டு. பண்ணையில் வளர்ந்து பத்து வயதிலிருந்து டிராக்டர் டிரெய்லரோடு பழகிய மகனுக்கு இல்லை. திறமையை அளப்பதற்கு வந்த சட்டம் பிறந்த வருடத்தை அளந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியிலும் ஏறத்தாழ இதுதான் நடந்தது. அங்கே பழைய 'மூன்றாம் வகுப்பு' லைசென்ஸில் 7.5 டன் வண்டி வரை ஓட்டலாம். 1999 ஜனவரி 1 முதல் புது வகைகள் வந்தன, பழையவர்களின் உரிமை அப்படியே நின்றது.

ஏழு மணி நேரமா, முழு டெஸ்ட்டா?

2006இல் வந்த மூன்றாவது உத்தரவு 2013 ஜனவரி 19 முதல் அமலானது. டிரெய்லர் காரின் வெற்று எடையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை போனது. முக்கியமாக, நடுவில் ஒரு படியைச் சேர்த்தார்கள். அதன் பெயர் 'பி 96'. காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவுக்கு மேல் 4,250 கிலோ வரை இருந்தால் முழு டெஸ்ட் வேண்டாம், ஏழு மணி நேரப் பயிற்சி போதும் என்று ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்குப் பதில் டெஸ்ட்டும் வைக்கலாம். லைசென்ஸ் அட்டையின் பின்புறம் 96 என்ற எண்ணைப் பொறித்துக் கொடுப்பார்கள்.

ஜெர்மனியும் பிரான்சும் ஏழு மணி நேரப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தன. மேலே சொன்ன 4,200 கிலோ ஜீப்பும் கேரவனும் அங்கே ஒரு நாள் வகுப்பில் சரியாகிவிடும். பிரிட்டன் அந்தப் படியை எடுத்துக்கொள்ளவில்லை. முழு டெஸ்ட்தான் என்றது. இந்த ஒரு முடிவுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் வழி வகுத்தது. நடுப்படி இருந்திருந்தால், 2021இல் முழு டெஸ்ட்டை எடுத்த பிறகும் ஏழு மணி நேரமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த டெஸ்ட் சும்மா இல்லை. குறைந்தது 1,000 கிலோ உச்ச எடையுள்ள, காரின் அகலமும் உயரமும் உள்ள பெட்டி டிரெய்லரைக் கொண்டுவர வேண்டும். அதன் உண்மையான எடை 800 கிலோவாவது இருக்க வேண்டும். வளைந்து ரிவர்ஸ் எடுக்க வேண்டும். சாலையில் ஓட்ட வேண்டும். கொக்கியைக் கழற்றி, மறுபடி மாட்டி, பூட்டு விழுந்ததைச் சோதித்துக் காட்ட வேண்டும். வார நாளில் கட்டணம் 115 பவுண்டு. டிரெய்லர் வாடகையும் பயிற்சியும் சேர்ந்தால் பல நூறு பவுண்டு ஆகிவிடும். முக்கியமான ஒன்று, இந்த டெஸ்ட்டை எடுத்தவர்கள் லாரி டெஸ்ட் எடுக்கும் அதே தேர்வாளர்கள். பல இடங்களில் மைதானமும் அதேதான்.

2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரில், தாயோடு நடைபாதையில் நடந்துபோன மூன்று வயதுக் குழந்தை, ஒரு வண்டியிலிருந்து கழன்று வந்த இரண்டு டன் டிரெய்லர் மோதி இறந்தது. கொக்கி சரியாகப் பூட்டப்படவில்லை. ஓட்டியவர் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. கைப்பிடி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கிளம்பும் முன் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம். அந்தப் பெற்றோர் வீட்டுக்குள் முடங்கிவிடாமல் டிரெய்லர் பாதுகாப்புக்காகப் பல வருடம் அலைந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கேரின் ஸ்மித் அவர்களோடு நின்றார். 2018இல் வந்த டிரெய்லர் பதிவுச் சட்டத்தில், டிரெய்லர் விபத்துகளைப் பற்றி அரசு அறிக்கை தர வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது அதன் பலன்களில் ஒன்று. இந்த நீண்ட கதையில் டிரெய்லரை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவர்கள் இவர்கள்தான்.

லாரி டிரைவர் பஞ்சம்

2021 வந்தது. கொரோனாவால் பல மாதங்கள் லாரி டெஸ்ட்டே நடக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிறகு கிழக்கு ஐரோப்பிய டிரைவர்கள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். கடை அலமாரிகள் காலியாகத் தொடங்கின. செப்டம்பர் கடைசியில் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. பெட்ரோல் கிடங்கில் இருந்தது, கொண்டுவர டிரைவர் இல்லை! அக்டோபர் 4 முதல் ராணுவ வீரர்கள் டேங்கர் ஓட்டினார்கள்.

லாரி டெஸ்ட்டுகளைக் கூட்ட வேண்டும், தேர்வாளர்களோ போதவில்லை. அப்போதுதான் அரசின் கண் டிரெய்லர் டெஸ்ட் மேல் விழுந்தது. அதை எடுத்துவிட்டால் வருடத்துக்குச் சுமார் 30,000 லாரி டெஸ்ட்டுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். ஆகஸ்டில் கருத்துக் கேட்டார்கள். செப்டம்பர் 10 அன்று அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் டெஸ்ட் ரத்து என்று அறிவித்தார். செப்டம்பர் 20 முதல் டெஸ்ட் நடப்பது நின்றது. ஐரோப்பிய உத்தரவு இனிக் கட்டுப்படுத்தாது என்பதால் இது முடிந்தது.

ஆனால் சட்டம் இன்னும் மாறவில்லை. நவம்பர் 15 என்று சொல்லியிருந்த தேதியும் தள்ளிப்போய், டிசம்பர் 16 அன்றுதான் மாறியது. இடைப்பட்ட மூன்று மாதம் நல்ல கூத்து. டெஸ்ட் தேறாமல் கனமான டிரெய்லர் இழுப்பது குற்றம், தேறலாம் என்றாலோ டெஸ்ட் கிடையாது!

டெஸ்ட்டுக்குப் பதிவு செய்திருந்தவர்களுக்குக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. டிரெய்லரும் வண்டியும் வாங்கிப் போட்டுப் பயிற்சிப் பள்ளி நடத்தியவர்கள் பாடுதான் திண்டாட்டம். சில வார அவகாசத்தில் தொழிலே போனது. பயிற்சி இனிக் கட்டாயம் இல்லை, விரும்புபவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளும்படி ஊக்குவிப்போம் என்றது அரசு. விருப்பம் என்று விட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்று கல்லூரியில் சிறப்பு வகுப்பு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரத்து செய்ததற்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1997க்கு முன் தேறிய லட்சக்கணக்கானவர்கள் டெஸ்ட் இல்லாமலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இளையவர்களை மட்டும் சோதித்தது எந்தக் கணக்கிலும் நேர்மையில்லை. அந்த ஏற்றத்தாழ்வு 2021இல் நீங்கியது. எல்லோரையும் சோதித்தும் நீக்கியிருக்கலாம். யாரையும் சோதிக்காமல் நீக்கினார்கள்.

இன்று கிரேட் பிரிட்டனில் கார் லைசென்ஸ் உள்ள எவரும் 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம், காருக்கு அந்தத் திறன் இருந்தால். வட அயர்லாந்தை அந்த மாற்றம் தொடவில்லை. டிரெய்லரோடு போகும் கார் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலைத் தாண்டக் கூடாது, மூன்று தடம் உள்ள இடத்தில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது என்ற விதிகள் அப்படியே இருக்கின்றன. 1997க்குப் பிறகு தேறியவர்கள் அட்டையைப் புதுப்பிக்கும்போது 'பிஇ' என்ற வகை தானாகவே அச்சாகி வருகிறது. 115 பவுண்டு கட்டி, 800 கிலோவை இழுத்து, தேர்வாளர் எதிரில் கொக்கியைக் கழற்றி மாட்டிக் காட்டியவரின் அட்டையிலும் அதே 'பிஇ'தான் இருக்கிறது.